ஜானகியின் குரலை ஆண்டு வரிசையில் கேட்டால்

சிங்கப்பூரில், ஈசூனில் இருந்து செங்காங்குக்கு வீடு மாறியபோது, கட்டிலுக்கு அடியில் ஒரு மைலோ அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே 23 கேசட்டுகள். எல்லாமே 90 நிமிட நாடாக்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் "எஸ். ஜானகி" என்று எழுதி, அதற்குக் கீழே ஓர் ஆண்டு. சிலவற்றில் இரண்டு மூன்று ஆண்டுகள். படத்தின் பெயரோ நடிகர் பெயரோ வெளியே இல்லை. அதெல்லாம் உள்ளே இருந்த அட்டையில் பொடி எழுத்தில் இருந்தது.

அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். சம்பளம் வந்த வாரம் தேக்காவுக்குப் போய், கோழியும் காய்கறியும் வாங்கிய கையோடு, பாட்டுப் பதிவு செய்து தரும் கடைக்கும் போவார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் தன்னிடம் உள்ள இசைத்தட்டுகளில் இருந்து எடுத்து வெற்று நாடாவில் ஏற்றிக் கொடுப்பார். பெரும்பாலானவர்கள் "கமல் பாட்டு", "ரஜினி பாட்டு", "சோகப் பாட்டு" என்று கேட்பார்கள். அப்பா 1977 என்று எழுதிக் கொடுப்பார். கடையில் இருந்தவர் முகத்தைச் சுளிப்பதைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். ஒரு நாடாவுக்காக ஏழெட்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிப் போட வேண்டுமே, கோபம் வராமல் என்ன செய்யும்?

அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்பது, அந்த 23 நாடாக்களையும் வரிசையாகக் கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஜானகியின் பாடல்களைத் தொகுக்க இதைவிட நேர்மையான வழி இல்லை என்றே இப்போது நினைக்கிறேன்.

சரி, அடிப்படைத் தகவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ். ஜானகி 1938 ஏப்ரல் 23 அன்று ஆந்திராவில், அன்றைய குண்டூர் மாவட்டத்தில் ரேபல்லே அருகே பிறந்தவர். தாய்மொழி தெலுங்கு. ஆனால் திரையில் அவர் குரல் முதலில் வந்தது ஒரு தமிழ்ப் படத்தில், 1957ல். படம் 'விதியின் விளையாட்டு', இசை டி. சலபதி ராவ். அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகள் அந்தக் குரல் ஓயவில்லை. தேசிய விருது நான்கு முறை வந்தது. தமிழுக்கு இரண்டு, மலையாளத்துக்கு ஒன்று, தெலுங்குக்கு ஒன்று.

ஜானகி என்றதும் நம் ஆட்கள் உடனே சொல்வது, "அவங்க எல்லாக் குரல்லயும் பாடுவாங்க" என்பதுதான். குழந்தையாகப் பாடுவார், சிரித்துக்கொண்டே பாடுவார், விம்மிக்கொண்டே பாடுவார். இங்கே சமூக மன்றங்களில் இந்திய நற்பணிச் செயற்குழுக்கள் நடத்தும் பாட்டு நிகழ்ச்சிகளில், தன் திறமையைக் காட்ட நினைக்கும் பெண்கள் ஜானகி பாட்டைத்தான் எடுக்கிறார்கள். அந்தப் பாராட்டில் தப்பில்லை. ஆனால் அது அவரை ஒரு பலகுரல் கலைஞர் போல ஆக்கிவிடுகிறது. எத்தனை குரல் என்று எண்ணத் தொடங்கினால், ஒவ்வொரு பாட்டிலும் அந்தக் குரல் என்ன செய்கிறது என்று கேட்க மறந்துபோகிறோம்.

தொகுப்புகளும் இதற்கு ஒரு காரணம். தமிழ்த் திரைப்பாடல்கள் நம் கைக்கு வருவது இசையமைப்பாளர் பெயரிலோ நடிகர் பெயரிலோ படத்தின் பெயரிலோதான். இன்றைய செயலிகளிலும் அதே கதை. ஒரு பாட்டைத் தேடினால் கலைஞர் என்ற இடத்தில் இளையராஜா பெயர் இருக்கும். பாடியவர் யார் என்று பார்க்க இன்னும் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அங்கேயும் சில சமயம் தப்பான பெயர் இருக்கும். 'ஜானி' (1980) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பாட்டு, ஐந்து பேர். 'செனோரீட்டா' எஸ். பி. பாலசுப்ரமணியம், 'என் வானிலே' ஜென்சி, 'ஆசையக் காத்துல தூது விட்டு' எஸ். பி. சைலஜா, 'ஒரு இனிய மனது' சுஜாதா, 'காற்றில் எந்தன் கீதம்' ஜானகி. இதில் சைலஜாவின் பாட்டையோ ஜென்சியின் பாட்டையோ ஜானகி பாடியது என்று அடித்துச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று பெண்களுக்கும் செய்யும் அநியாயம் அது. "எல்லாக் குரலும் ஜானகிதான்" என்ற நினைப்பால் வரும் வினை.

நடிகர் பெயரில் தொகுத்தால் இன்னொன்றும் தவறிப்போகும். 'நிழல்கள்' (1980) படத்துக்காகப் பதிவான 'தூரத்தில் நான் கண்ட உன் முகம்' திரையில் வரவில்லை. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) இசைத்தட்டில் வந்த 'புத்தம் புது காலை'யும் அப்படித்தான். இரண்டிலும் நடித்துக் காட்ட யாரும் கிடையாது. கேட்கும்போது கண்முன் எந்த முகமும் வருவதில்லை, குரல் மட்டும்தான். ஜானகி எப்படிப்பட்ட பாடகி என்று ஒருவருக்கு நான் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்றால், இந்த இரண்டில்தான் ஆரம்பிப்பேன்.

இப்போது அப்பாவின் 1977ஆம் ஆண்டு நாடாவுக்கு வருகிறேன். அதன் முதல் பக்கத்தில் இரண்டு பாட்டுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று, 'அவர்கள்' படத்தின் 'காற்றுக்கென்ன வேலி'. கண்ணதாசன் எழுதி, எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்தது. இன்னொன்று, '16 வயதினிலே' படத்தின் 'செந்தூரப்பூவே'. கங்கை அமரன் எழுதி, இளையராஜா இசையமைத்தது. முதலாவதைப் பாடுபவள் படித்த, வேலைக்குப் போகும் நகரத்துப் பெண். கசந்துபோன ஒரு மணவாழ்க்கையைக் கடந்து வந்தவள். இரண்டாவதைப் பாடுபவள் கிராமத்துப் பதினாறு வயதுப் பெண். வாழ்க்கை இன்னும் அவளைத் தொடவே இல்லை.

இந்த இரண்டையும் தனித்தனியாக நூறு முறை கேட்டிருக்கிறேன். சேர்த்துக் கேட்டது அந்த நாடாவில்தான். ஒரு விஷயம் அப்போதுதான் காதில் விழுந்தது. குரலின் அடித்தளம் இரண்டிலும் ஒன்றே. மாறுவது மூச்சு. 'காற்றுக்கென்ன வேலி'யில் வரிகள் ஒரே வீச்சில் வெளியே வருகின்றன. சொல்லின் கடைசி எழுத்து வரை அதே அழுத்தம், எங்கேயும் தயக்கம் இல்லை. முடிவெடுத்துவிட்ட பெண்ணின் மூச்சு அது. 'செந்தூரப்பூவே'யில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் சத்தம் கொஞ்சம் கரைந்து காற்றாகிறது. கனவு காண்கிறவள் பேச்சை முடிப்பதில்லையே, அப்படி. அந்த ஆண்டுக்கான தேசிய விருதை ஜானகிக்குப் பெற்றுக் கொடுத்தது 'செந்தூரப்பூவே'. எனக்குக் கேட்டால், பக்கத்தில் இருக்கும் பாட்டையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் அந்த விருதின் முழு நியாயம் புரியும்.

இசையமைப்பாளர் வரிசையில் அடுக்கினால் இந்த இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. ஒன்று எம்.எஸ்.வி. தொகுப்பில், மற்றொன்று ராஜா தொகுப்பில்.

அடுத்து 1980 முதல் 1982 வரை. இந்த மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் அப்பா ஐந்து நாடாக்கள் ஒதுக்கியிருக்கிறார். கேட்டால் ஏன் என்று புரியும். 'காற்றில் எந்தன் கீதம்' பாடிய அதே காலத்தில்தான் 'மௌன கீதங்கள்' (1981) படத்தில் 'டாடி டாடி' என்று சின்னப் பையனாகப் பாடுகிறார். அடுத்த ஆண்டு, 1982ல், 'காதல் ஓவியம்' படத்தில் 'நாதம் என் ஜீவனே'. கோயில் பிராகாரத்தில் ஒலிப்பது போன்ற சுத்தமான குரல். அதே ஆண்டில் 'மூன்றாம் பிறை'யின் 'பொன்மேனி உருகுதே'. அதே ஆண்டில் 'சகலகலா வல்லவன்' படத்தில் மலேசியா வாசுதேவனோடு 'நிலா காயுது'. இந்தக் கடைசிப் பாட்டு வந்தால் எங்கள் வீட்டில் அம்மா சமையலறைக்குப் போய்விடுவார். அப்பா நாடாவை ஓட விடுவார், நிறுத்த மாட்டார். அவருக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை. "அந்தப் பொண்ணு அந்த எடத்துல அப்படித்தான் இருப்பா, அதைத்தான் அவங்க பாடுறாங்க" என்பார்.

அப்பா சொன்னதை இன்று நான் வேறு மாதிரி சொல்வேன். 'நிலா காயுது' பாட்டில் வரும் முனகலையும் 'நாதம் என் ஜீவனே' பாட்டின் நீண்ட ஆலாபனையையும் ஒரே தொண்டை ஒரே ஆண்டில் பாடியது என்பது வியப்புதான். அதைவிட வியப்பு, இரண்டிலும் சுருதி இம்மியும் அசையவில்லை என்பது. சிரிப்பையும் முனகலையும் அழுகையையும் அவர் பாட்டுக்கு வெளியே ஒட்டுவதில்லை. எல்லாம் தாளத்துக்குள், சுருதிக்குள் நடக்கின்றன. மேடையில் பாடும் காணொளிகளைப் பாருங்கள். வெள்ளைச் சேலையில் ஏறக்குறைய அசையாமல் நிற்பார். கை ஆடாது, முகம் மாறாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரு சிறுமி துள்ளிக்கொண்டிருப்பாள். நடிப்பு முழுவதையும் மூச்சுக்குள் வைத்துக்கொண்டவர் அவர்.

மூச்சு என்றதும் 'தேவர் மகன்' (1992) நினைவுக்கு வருகிறது. 'இஞ்சி இடுப்பழகா' பாட்டுக்கு ஜானகி நான்காவது தேசிய விருது பெற்றார். படத்தில் புது மனைவியைப் பாடச் சொல்லிக் கணவன் கேட்பான். கூச்சத்தில் குரல் எழும்பாமல், "வெறும் காத்துதாங்க வருது" என்பாள் அவள். அப்புறம் மெல்ல மெல்லப் பாட்டு வரும். அந்த வெட்கத்தை, அந்தத் தடுமாற்றத்தை, பாடும்போதும் விடாமல் வைத்திருக்க வேண்டும். ஆனால் பாட்டு பாட்டாகவும் இருக்க வேண்டும். அப்போது ஜானகிக்கு 54 வயது. 'இடுப்பழகா' என்ற சொல்லில் வரும் ழகரத்தைக் கவனித்துக் கேளுங்கள். தெலுங்கு மண்ணில் பிறந்தவர் அவர். சிங்கப்பூரில் பிறந்த என் பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லிக் கொடுக்க அந்தப் பாட்டைத்தான் நான் ஓடவிடுகிறேன்.

அப்பாவின் வரிசையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 1957 முதல் 1962 வரைக்கும் நல்ல பாட்டுகள் இருக்கின்றன. 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தின் 'சிங்கார வேலனே தேவா' அதில் தலையாயது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு ஆபேரி ராகத்தில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் நின்று பாடியது. நாகஸ்வரம் ஊதுவது போல் மனிதத் தொண்டை பாடுவது எவ்வளவு கடினம் என்று இசை தெரிந்தவர்கள் சொல்வார்கள். இசை தெரியாத எனக்கும் அந்தக் கடைசி ஸ்வரப் பகுதி வந்தால் வேலை ஓடாது. அதே ஆண்டில் 'ஆலயமணி' படத்தின் 'தூக்கம் உன் கண்களை', 'போலீஸ்காரன் மகள்' படத்தில் பி. பி. ஸ்ரீநிவாஸோடு 'இந்த மன்றத்தில் ஓடிவரும்'. 1965ல் 'திருவிளையாடல்' படத்தில் 'பொதிகை மலை உச்சியிலே'. அதற்கப்புறம் நாடாவில் பாட்டுகள் குறைகின்றன. 1966 முதல் 1975 வரை பத்து ஆண்டுகளுக்கு ஒரே ஒரு நாடா. 1976ல் 'அன்னக்கிளி' வந்து, 'மச்சானைப் பாத்தீங்களா' ஒலித்த பிறகுதான் வெள்ளம்.

முதலில் நான் நினைத்தேன், தேக்காக் கடையில் அந்த இசைத்தட்டுகள் இருந்திருக்காது என்று. பிறகுதான் தெரிந்தது. அறுபதுகளின் தமிழ்த் திரையில் கதாநாயகிக்குப் பாடுவது என்றால் பெரும்பாலும் பி. சுசீலாதான். ஜானகி அப்போது சும்மா இருக்கவில்லை. மலையாளத்திலும் கன்னடத்திலும் பாடிக்கொண்டிருந்தார். நாம்தான் அந்தப் பக்கம் காது கொடுக்கவில்லை.

இதை எனக்குச் சொன்னவர் செங்காங்கில் எங்கள் பக்கத்து வீட்டுச் சேச்சி. வீடு மாறிய புதிதில் நான் அந்த நாடாக்களை ஓடவிட, நடைபாதையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இது ஜானகியம்மா அல்லே?" என்று ஆரம்பித்து, தன் கைப்பேசியில் இருந்து 'மூடுபடம்' (1963) படத்தின் 'தளிரிட்ட கினாக்கள்' பாட்டைப் போட்டுக் காட்டினார். இசை எம். எஸ். பாபுராஜ். அடுத்து 'அன்வேஷிச்சு கண்டெத்தியில்ல' (1967) படத்தின் 'தாமரக்கும்பிளல்லோ'. அதுவும் பாபுராஜ். பிரார்த்தனை மாதிரி ஒரு பாட்டு. கஜல் சாயல் கொண்ட பாபுராஜின் மெட்டுகளில் ஜானகி பாடுவது, தமிழில் நாம் கேட்ட ஜானகி இல்லை. துள்ளல் கிடையாது. ஒவ்வொரு சொல்லும் நின்று நிதானமாக நகர்கிறது. மலையாளிகளுக்கு அவர் அவர்களுடைய பாடகி. கன்னடக்காரர்களிடம் கேட்டாலும் அதையே சொல்வார்கள். கன்னடத்தில் 'ஹேமாவதி' (1977) படத்தில் எல். வைத்தியநாதன் இசையில் தோடி, ஆபோகி ராகங்கள் மாறி மாறி வரும் ஒரு பாட்டு இருக்கிறது. 1977ஆம் ஆண்டு நாடாவில் அதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஆண்டின் உருவமே மாறிப்போகும். தெலுங்கில் 'பூஜா பலம்' (1964) படத்தின் 'பகலே வென்னெல', 'சித்தாரா' (1984) படத்தின் 'வென்னெல்லோ கோதாரி அந்தம்'. இரண்டாவது அவருக்கு மூன்றாவது தேசிய விருதைக் கொடுத்தது. இரண்டாவது விருது 1980ல் 'ஒப்போள்' என்ற மலையாளப் படத்துக்கு வந்தது.

இந்த விஷயத்தில் சிங்கப்பூரில் இருப்பது ஒரு வசதி என்றே சொல்வேன். ஒரே புளோக்கில் தமிழ் வீடும் மலையாள வீடும் தெலுங்கு வீடும் இருக்கும். நான்கு மொழி ஜானகியையும் கேட்க வேறு ஊருக்குப் போக வேண்டாம், மின்தூக்கியில் இரண்டு மாடி ஏறினால் போதும். ஆனால் நம்மில் பலர் அந்தக் கதவைத் தட்டுவதில்லை.

எண்ணிக்கை பற்றியும் பேச வேண்டும். ஜானகி 48,000 பாடல்கள் பாடியிருக்கிறார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணை அறுபதால் வகுத்தால் ஆண்டுக்கு 800 வருகிறது. ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல் எதுவும் இல்லாமல் அறுபது ஆண்டுகளுக்குத் தினமும் இரண்டு பாட்டுக்கு மேல். வேலை குவிந்த ஆண்டுகளில் அப்படி நடந்திருக்கலாம், ஆனால் 1957லும் 2010லும் அப்படி நடந்திருக்க முடியாது. சுசீலாவின் கணக்கு 2016ல் கின்னஸ் பதிவில் ஏறியது, 17,695 பாடல்கள். அது கைவிட்டு எண்ணிய எண். ஜானகிக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். படம், ஆண்டு, மொழி, இசையமைப்பாளர், உடன் பாடியவர், எந்த இசைத்தட்டு என்று ஒவ்வொன்றாக. 20,000 என்று வந்தாலும் அவர் பெருமை ஒரு துளியும் குறையாது. உருண்டையான பெரிய எண்களைச் சொல்லிச் சொல்லி, உண்மையான வேலையை நாம் தள்ளிப்போட்டுவிட்டோம்.

நம்மால் முடியாத வேலை இல்லை அது. 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தைத் தொண்டூழியர்கள் மின்வடிவாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தது நம் கண்முன் நடந்தது. நூல்களுக்குச் செய்ததைப் பாட்டு நாடாக்களுக்கும் செய்யலாம். ஆனால் காலம் குறைவு. நம் ஊர் ஈரக்காற்று கேசட்டுக்கு எமன். அப்பாவின் 23 நாடாக்களில் ஆறில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தது. அப்படியே கருவியில் போட்டால் அந்தப் பூஞ்சை கருவியின் ஹெட்டில் ஒட்டி, அடுத்த நாடாவையும் கெடுக்கும். உறையின் திருகைக் கழற்றி, நாடாவை மெதுவாகச் சுற்றித் துடைத்து, வேறு உறைக்குள் மாற்றித்தான் நான்கைக் காப்பாற்றினேன். இரண்டு போய்விட்டன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடையில் இசைத்தட்டில் இருந்து நாடாவுக்கு ஏற்றும்போது கருவியின் வேகம் கொஞ்சம் கூடியோ குறைந்தோ இருந்தால் சுருதியும் ஏறியோ இறங்கியோ விடும். அப்பாவின் 1981 நாடாவில் 'புத்தம் புது காலை' ஏறக்குறைய அரைச் சுருதி ஏறியிருக்கிறது. அதுதான் அசல் என்று நாற்பது ஆண்டுகள் நம்பியிருந்தேன். மூல இசைத்தட்டைக் கேட்ட அன்று யாரோ வேறு ஒருவர் பாடுவது போல இருந்தது. ஆகவே தொகுப்பவர்கள் முடிந்தவரை இசைத்தட்டில் இருந்தே எடுப்பது நல்லது. சுங்கை ரோடு சந்தை இருந்தவரை பழைய தட்டுகள் சில வெள்ளிக்குக் கிடைக்கும். 2017 ஜூலையில் அது மூடப்பட்டபின் தேடுவது சிரமமாகிவிட்டது.

தொண்ணூறுகளுக்குப் பிறகு அப்பாவின் நாடாக்கள் மெலிகின்றன. 'ஜென்டில்மேன்' (1993) படத்தின் 'ஒட்டகத்தைக் கட்டிக்கோ' இருக்கிறது. 'உயிரே' (1998) படத்தின் 'நெஞ்சினிலே'யும் 'சங்கமம்' (1999) படத்தின் 'மார்கழித் திங்களல்லவா'வும் இருக்கின்றன. மூன்றுமே ஏ. ஆர். ரகுமான் இசை. அறுபது வயதை நெருங்கிய ஒருவர், புது ஒலிப்பதிவு முறைக்குள், புது இசைக்குள், தன் இடத்தை விடாமல் பாடியவை. அதோடு நாடா முடிந்தது.

2013ல் இந்திய அரசு பத்மபூஷண் அறிவித்தபோது ஜானகி அதை ஏற்க மறுத்தார். மிகவும் தாமதமாக வந்தது, தென்னிந்தியக் கலைஞர்களுக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது அவர் சொன்ன காரணம். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். தமிழ் முரசைக் கையில் வைத்துக்கொண்டு, "சரியாச் சொன்னாங்க" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஆண்டு 'வேலையில்லா பட்டதாரி' வந்தது. அனிருத் இசையில், தனுஷோடு 'அம்மா அம்மா' பாடியபோது ஜானகிக்கு 76 வயது. இறந்துபோன தாயின் குரல். நடுக்கம் தெரியும். அதை மறைக்க முயலாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். 2016ல் ஒரு மலையாளப் படத்துக்குத் தாலாட்டுப் பாடி, இனிப் பாடப்போவதில்லை என்று அறிவித்தார். 2017 அக்டோபரில் மைசூரில் மேடைக் கச்சேரி ஒன்றோடு விடைபெற்றார்.

இப்போது அந்த நாடாக்கள் எல்லாம் என் கணினியில் ஆண்டு வாரியாக இருக்கின்றன. 1966 முதல் 1975 வரையிலான இடத்தைச் சேச்சி நிரப்பிக்கொண்டிருக்கிறார். போன வாரம் ஒரு தாளில் பதினேழு பாபுராஜ் பாட்டுகளை எழுதிக் கொடுத்தார், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆண்டு போட்டு. கன்னடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாவது மாடியில் ஒரு மைசூர்க் குடும்பம் இருப்பதாகச் சேச்சி சொல்கிறார்.